பாரம் குறைந்த பயணம்: பிள்ளைகளுடன் நெடுந்தீவுக்கு ஒரு நாள்

பயணம் என்பது எம்மில் பலருக்கு மகிழ்ச்சி தரும் சொல்லாக இருந்ததில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்திரளில் நானும் ஒருத்தி. வன்னியில் இருந்த சகோதரிகளோ 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை எத்தனை தடவை மூட்டை கட்டினார்கள் என்று அவர்களாலேயே எண்ணிச் சொல்ல முடியாது. போகும் இடம் தெரியாமல், திரும்பி வருவோமா என்பதும் தெரியாமல் நடந்ததையே நாம் பயணம் என அறிந்திருந்தோம். பார்ப்பதற்காக ஓரிடத்துக்குப் போய், மாலையில் சொந்த வீட்டுக்குத் திரும்பி வருவது எமக்கு வாய்த்த பழக்கம் அல்ல.

ஆனால் எமது பிள்ளைகள் போரின் பின்னர் பிறந்தவர்கள். கடலும் தீவும் பாடப்புத்தகத்தில் உள்ள படங்களாக மட்டும் அவர்களுக்கு இருக்கக் கூடாது. எமது கிராம மாதர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, மாதாமாதம் சிறு தொகையாகச் சேர்த்து நெடுந்தீவுக்குப் போய் வருவோம் எனத் தீர்மானித்தோம். ஒன்பது தாய்மார், பதினான்கு பிள்ளைகள். அதில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தாயே தலைவி.

சுற்றுலா என்றதும் ஒருவர் வான் பிடிப்போம் என்றார். இன்னொருவர் சாப்பாட்டுப் பார்சலுக்கும் போத்தல் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்தார். கூட்டிப் பார்த்தபோது, ஓராண்டு சேர்த்தாலும் போதாது எனத் தெரிந்தது. செலவைக் குறைக்க ஒவ்வொன்றாக வெட்டி வந்தோம். கடைசியில் எஞ்சிய திட்டம் சூழலுக்கும் நல்ல திட்டமாகவே அமைந்துவிட்டது. சூழலைக் கெடுக்காத பயணம் என்பது வசதி படைத்தவர்களின் பேச்சு என நினைக்க வேண்டாம். சிக்கனமாகப் போகத் தெரிந்தவளுக்கு அது அரைவாசி கைவந்துவிட்டது.

முதலாவது, வாகனம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ் போகிறது. ஐந்து வான்கள் ஏற்றும் ஆட்களை ஒரு பஸ் ஏற்றும். எரியும் எண்ணெயும் வெளிவரும் புகையும் ஆளுக்கு எவ்வளவோ குறைவு. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற எமக்கு ஒரு லீற்றர் எண்ணெயின் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் பஸ்ஸே நல்லது. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் கடல்நீர். அதில் கம்பு நட்டுக் கட்டிய வலைகள், ஓரங்களில் கண்டல் மரங்கள், கொக்குகள். மாரி முடிந்த காலமாகையால் தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்றும் நின்றது. வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட தாம்போதியில் பிள்ளைகள் யன்னலை விட்டு அசையவில்லை.

இரண்டாவது, காலம். ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையும் கடல் கொந்தளிப்பும் கொண்டுவரும். நடு ஆண்டில் சோழகம் பலமாக வீசும். மாசி, பங்குனி மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், தீவும் பச்சையாக இருக்கும். படகு நேரங்கள் மாறக்கூடியவை. முதல்நாளே விசாரித்து, காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பத் திட்டமிடுங்கள். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைக்கு அணிவிக்காமல் படகில் இருத்த வேண்டாம். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறினால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

மூன்றாவது, பொதி. இங்கேதான் கிளிநொச்சியிலிருந்து வந்து எமது ஊரில் குடியேறிய தங்கை ஒருத்தி எல்லோருக்கும் ஆசிரியை ஆனாள். இரண்டு பிள்ளைகளுக்கும் தனக்கும் வேண்டிய அனைத்தையும் ஒரே பையில் பத்து நிமிடத்தில் அடுக்கி முடித்தாள். எப்படி என்று கேட்டதற்கு, "ஓடி ஓடிப் பழகின கை அக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எது இல்லாமல் இருக்கலாம், எது இல்லாமல் இருக்க முடியாது என்பதை எம்மைப் போல் அறிந்தவர் யார்? அந்த அறிவு துன்பத்தில் வந்தது. அதைப் பிள்ளைகளின் சந்தோசத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

உணவுக்குப் புட்டும் இடிசம்பலும், வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறும் கொண்டுபோனோம். வாழையிலையை நெருப்பில் மெல்லக் காட்டினால் மடிக்கும்போது கிழியாது. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்ரெம்பர் முதல் எமது நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பிளாஸ்ரிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் என்பனவற்றுக்கும் 2023 ஒக்டோபரில் தடை வந்தது. எமக்கு இவை தேவையுமில்லை. பனையோலைத் தட்டுவத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். கொறிப்பதற்குப் புழுக்கொடியல், அவித்த கச்சான், எள்ளுப்பாகு. தண்ணீர் வீட்டிலிருந்தே பெரிய கலன் ஒன்றிலும் ஆளுக்கொரு போத்தலிலும் வந்தது. கைக்குழந்தை இருந்த தாய் பம்பர்ஸுக்குப் பதிலாகத் துணிகளையும், நனைந்த துணிகளைப் போட ஒரு மூடிய வாளியையும் கொண்டுவந்தாள். மாதவிடாய்த் துணிகளைக் கழிப்பறைக் குழியிலோ பற்றையிலோ போடாமல், கடதாசியில் சுற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதையும் பெரிய பெண்பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைத்தோம்.

தண்ணீரைக் கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான சுண்ணக்கல் தீவு. ஆறு இல்லை. மழைநீர் கல்லிடுக்கால் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கிணற்றில் அளவோடு அள்ளினால் நன்னீர். அதிகம் இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். வரட்சியில் அங்குள்ள பெண்கள் குடத்துடன் நடக்கும் தூரம் எமக்குப் புதிய கதை அல்ல. விருந்தாளியாகப் போகும் நாம் அவர்களது குடத்தில் பங்கு கேட்கக் கூடாது. குப்பையும் அப்படியே. படகில் வந்த பிளாஸ்ரிக் படகில் திரும்பாவிட்டால் அங்கேதான் கிடக்கும். எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் அந்த நன்னீருக்குக் கேடு.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். 2009இன் பின்னர் கடலைப் பார்க்கவே விரும்பாதவள் எங்கள் தங்கை. படகில் மகளின் கையை இறுகப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனோ எழும்பி எழும்பிப் பார்த்தான். "அம்மா, இஞ்சை பாருங்கோ, தண்ணி பச்சையா இருக்கு" என்று அவன் நாலைந்து தரம் கூப்பிட்ட பிறகு ஒரு தரம் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு குனியவில்லை.

மாவலித் துறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகில் பெண்களும் சிறுவர்களும் அடங்கலாகப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பிள்ளைகளை இதைத் தாண்டிக் கூட்டிச் செல்வதா, நின்று சொல்வதா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தங்கைதான் முன்னே போனாள். "உங்களை மாதிரிப் பிள்ளையளும் இதிலை போனவை. அவையளை நினைச்சு ஒரு நிமிசம் நிப்பம்" என்றாள். அவ்வளவே. பிள்ளைகள் அமைதியாக நின்றார்கள். மகன் ஒரு கேள்வி கேட்டான். மிச்சத்தை வீட்டில் சொல்வதாகச் சொன்னாள். ஓரிடத்தின் அழகைக் காட்டுவதைப் போல, அங்கே நடந்ததையும் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்வது அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை என நினைக்கிறேன்.

தீவுக்குள் கிட்டிய இடங்களுக்கு நடந்தோம். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் இடிந்த கோட்டையையும் பார்த்தோம். வீதியெங்கும் முருகைக்கல் மதில்கள். சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியவை. இடைவெளிகளால் காற்றுப் போவதால் புயலிலும் தாக்குப்பிடிக்கின்றன. முருகைக்கல் என்பது கடலில் வாழ்ந்த மிகச் சிறிய உயிர்கள் கட்டிய வீடு என்று சொன்னதும் பிள்ளைகள் ஓடிப்போய்த் தடவிப் பார்த்தார்கள். கரையில் கிடந்த ஒரு துண்டைப் பைக்குள் வைத்த சிறுமியிடம், "நூறு பேர் வந்து நூறு துண்டு எடுத்தால் கரையிலை என்ன மிஞ்சும்?" என்று கேட்டோம். அவளே திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். கொண்டுபோன கொப்பியில் அதைக் கீறிக்கொண்டு வந்தாள்.

பெருக்குமரத்துக்கும் குதிரைகள் நிற்கும் வெளிக்கும் தூரம் அதிகமாகையால், சிறு பிள்ளைகளுக்காக முச்சக்கரவண்டிகள் பிடித்தோம். பெரிய பிள்ளைகள் வாடகைச் சைக்கிளில் வந்தார்கள். தரை தட்டை என்பதால் சைக்கிளுக்கு ஏற்ற தீவு இது. ஆபிரிக்காவுக்குரிய பெருக்குமரத்தை அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பர். அதன் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து நின்றார்கள். மரப்பட்டையில் எத்தனையோ பேர் தங்கள் பெயர்களை வெட்டியிருந்தது மனதுக்கு வருத்தமாக இருந்தது.

குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. அவை வாழும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தாயும் குட்டியுமாக மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் நின்றே பார்த்தோம். துரத்தவோ தின்னக் கொடுக்கவோ கூடாது. உணவு மணக்கும் பொலித்தீனை விலங்குகள் விழுங்கினால் குடலில் அடைத்துச் சாகும்.

"அம்மா, உந்தக் குதிரையள் ஆற்றை?" என்று மகன் கேட்டான்.

"ஒருத்தற்றையும் இல்லை."

"ஒருத்தரும் கட்டி வைக்கேல்லையோ?"

"இல்லையடா. இது அதுகளின்ரை இடம்" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வான் வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியைத் தீவிலேயே செலவிட்டோம். முச்சக்கரவண்டி, சைக்கிள், தேநீர், ஒரு வீட்டில் வாங்கிய பனங்கட்டியும் கருவாடும். பெரிய நிறுவனத்தின் சோடாப் போத்தலுக்குக் கொடுக்கும் காசு தீவில் தங்காது. பனங்கட்டிக் குட்டானுக்குக் கொடுத்த காசு எம்மைப் போன்ற ஒரு பெண்ணின் அடுப்புக்குப் போகும். விலை பேசும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

மாலையில் புறப்பட முன்னர் பிள்ளைகள் குப்பையை எண்ணினார்கள். இருபத்துமூன்று பேரின் ஒரு நாள் குப்பை ஒரு சிறிய உரப்பைக்குள் அடங்கியது. வாழையிலைகளை ஆட்டுக்குப் போட வீட்டுக்காரர் ஒருவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மிகுதி எம்முடன் படகேறியது.

சகோதரிகளே, நெடுந்தீவுதான் என்றில்லை. மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு வங்காலைப் பறவைகள் சரணாலயம், கிளிநொச்சியில் உள்ளவர்களுக்கு இரணைமடுக் குளம், மட்டக்களப்பில் வாவிக்கரை. பஸ் போகும் இடமாக, ஒரே நாளில் திரும்பக்கூடியதாகத் தெரிவு செய்யுங்கள். வன்னியில் கைவிடப்பட்ட காணிகளுக்குள்ளும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும் பிள்ளைகளை இறங்க விட வேண்டாம். பழகிய பாதையிலேயே நடவுங்கள். அறியாத பொருள் எதையும் தொடக் கூடாது எனப் புறப்படும் முன்னரே சொல்லி வையுங்கள்.

தனியாகப் போகத் தயங்குபவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேருங்கள். ஒருத்தி பிள்ளைகளைப் பார்க்க மற்றவள் சற்று இளைப்பாறலாம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். மாதம் எவ்வளவு சேர்க்கலாம், எந்த மாதம் போகலாம், யார் புட்டு அவிப்பது என்ற மூன்று கேள்விகளுடன் தொடங்கினால் போதுமானது.