சல்லடை மாறக் கூடாது

சமய ஒப்பியல் பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒரு மாணவர் எழுந்து கேட்டுவிடுவார்: "சார், நீங்க எந்த மதம்?" அது தெரிந்துவிட்டால், நான் சொல்வதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? பரீட்சை முடிந்ததும் சொல்கிறேன் என்பேன். அதுவரை என் பேச்சிலிருந்து அவர்களால் கண்டுபிடிக்க முடியாதபடி பாடம் நடத்த வேண்டும். இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் அது.

கல்லூரியில் மதம் சொல்லித்தரலாமா என்று சட்டத்தை இழுப்பவர்களும் உண்டு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. ஆனால் போதனை வேறு, மதங்களைப் பற்றிய படிப்பு வேறு. 1964–66 கோத்தாரி கல்விக் குழு இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கும்பிடச் சொல்லித்தருவது என் வேலை இல்லை. அடுத்தவர் ஏன் கும்பிடுகிறார், ஏன் கும்பிட மறுக்கிறார் என்பதைப் புரியவைப்பதே என் வேலை.

போடிநாயக்கனூரில் பாடம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. என் மாணவர்களில் பலருக்கு ஏலக்காய் வீட்டுச் சரக்கு. அப்பா ஏலக்காய்க் கடையில் இருப்பார். அம்மா விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போவார். 8 மி.மீ. சல்லடையில் நின்ற காயை 8 மி.மீ. காயோடு வைத்துத்தான் விலை பேச வேண்டும் என்று இவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோரும் சல்லடையை மாற்றிவிடுகிறோம். நம் பக்கத்தில் ஞானியின் வாக்கை வைப்போம், அவர்கள் பக்கத்தில் தெருச் சண்டையை வைப்போம். நூலை நூலோடும், நடப்பை நடப்போடும், அவர்களது மூடப்பழக்கத்தை நம்முடைய மூடப்பழக்கத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். இதை ஏற்க வைக்கவே ஒரு பருவத்தில் பாதி போய்விடும்.

அடுத்த விதி, நாட்டுப் பிரிவினைக்கு முன் லாகூரில் கற்பித்த கனடா அறிஞர் வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் வலியுறுத்தியது: ஒரு மதத்தைப் பற்றி நாம் சொல்வதை அந்த மதத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் இதைத் தாள் மாற்றிச் செய்கிறோம். ரமலான் நோன்பில் எச்சில்கூட விழுங்க மாட்டார்கள் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். தாளை வாங்கிய முஸ்லிம் மாணவி அந்த வரியை அடித்துவிட்டு, எச்சில் விழுங்கினால் நோன்பு முறியாது, புறம் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று ஓரத்தில் எழுதினாள். வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பது செய்த பாவத்துக்குத் தண்டனை என்று அவள் எழுதியிருந்தாள். தண்டனை இல்லை, என் தம்பிக்கு அம்மை இறங்கியதற்கு அம்மா தீர்த்த நேர்த்திக்கடன் என்று அவன் திருத்தினான். என் ஒரு மணி நேரப் பேச்சைவிட இந்த இரண்டு ஓரக்குறிப்புகள் அதிகம் கற்றுக்கொடுத்தன.

மேற்கில் இந்தத் துறையின் தொடக்கமாக 1870-இல் மாக்ஸ் முல்லர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளைச் சொல்வார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் மணிமேகலை மாறுவேடத்தில் வஞ்சி நகருக்குள் போய், சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொருவரிடமும் கொள்கை கேட்டிருக்கிறாள். கடைசியில் வருபவர் பூதவாதி. கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்காதவர். அவரை அவள் சிரித்துக்கொண்டே மடக்குகிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? மாணவர்கள் கைதட்டும் இடம் இது. அங்கேதான் நான் நிறுத்துவேன். இது பௌத்தக் காப்பியம். பூதவாதியின் பேச்சை எழுதியவர் பூதவாதி அல்லர். அவரே எழுதியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்தப் பதிலை எழுதிவருவதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

வருடம் ஒருமுறை உத்தமபாளையத்துக்குப் போவோம். அங்கே கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்து, அதில் சமண முனிவர் அச்சணந்தியின் பெயர். தாளை மூன்றாக மடித்துக்கொள்ளச் சொல்வேன்: கண்டது, ஊகித்தது, கேட்டது. புத்தர் என்று சிலர் முதல் பத்தியில் எழுதுவார்கள். அதை அடித்து இரண்டாம் பத்திக்கு மாற்றச் சொல்வேன். கண்டது என்பது தலைக்கு மேல் பாம்புப் படம், முக்குடை, உடையில்லாத உடல், இவ்வளவுதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு பார்சுவநாதர் வரை வந்து சேர அரை நாள் ஆகும். அதற்குள் கருப்பணசாமிக்குப் பொங்கல் வைக்க வந்தவர்கள் மூன்றாம் பத்தியை நிரப்பிவிடுவார்கள். ஒரே பாறையில் இரண்டு வழிபாடு எப்படி என்ற கேள்வி தானாக எழும்.

பாடத்திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உலக மதங்கள் என்றால் ஆறு அத்தியாயம், ஆறு புனித நூல். குரங்கணிக்கு மேலே இருக்கும் முதுவர் பழங்குடிகளுக்கு எழுதிவைத்த வேதம் கிடையாது. அதனால் பாடத்திலும் இடம் கிடையாது. 1967-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறம், சமூக அமைப்பு, பொருள்கள் என்று ஏழு கூறுகளாக மதத்தைப் பார்த்தார். நூல் இல்லாத மதத்துக்கும் அந்த ஏழில் இடம் இருக்கிறது. அதனால்தான் என் முதல் பாடம் அந்த ஏழு.

1948–49 ராதாகிருஷ்ணன் பல்கலைக்கழகக் கல்விக் குழு பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுக்கும் திட்டம் கொடுத்தது: முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறு, இரண்டாமாண்டில் எல்லோருக்கும் பொதுவான மறைநூல் பகுதிகள், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஊரில் நடக்கும் வழிபாட்டுக்கு அதில் தனி ஆண்டு இல்லை. அந்த நான்காவது பகுதியைச் சேர்க்க எந்த ஆணையும் தேவையில்லை. இந்தப் பாடம் நடத்தும் நண்பர்களே, உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் மாணவர்களை ஒருமுறை கூட்டிப் போங்கள். திரும்பி வந்து எழுதியதை அந்தந்த மதத்தவரிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.