தேய்மானம்

ஒரு பொருளைத் திருத்துவதா, மாற்றுவதா என்ற வினா எங்கள் வீட்டில் எழுந்ததேயில்லை. திருத்துவதே வழக்கம். 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருளாதாரத் தடை நிலவியபோது, என் தந்தையார் தமது ஒஸ்ரின் ஏ 40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவ்வித்தையை அருகில் நின்று பார்த்தவன் நான். உதிரிப்பாகம் கிடையாத அந்நாளில் எதையும் எறியாமை வெறுஞ் சிக்கனமன்று; உயிர்வாழும் நெறி. அந்நெறி என்னுள்ளும் ஊறியிருந்தது.

2022ஆம் ஆண்டு, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். என்னிடமிருந்தது 1990இற் செய்யப்பட்ட ரொயோட்டா கொரோலா. முன்சில்லுகளால் இழுபடும் வண்டி. மாதந்தோறும் தந்தையாரைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல அதனையே நம்பியிருந்தோம். ஒழுங்கையிலிருந்து வீதிக்குத் திரும்பும்போதெல்லாம் இடது முன்சில்லருகே 'டிக், டிக்' என்றொரு சத்தம். நேரே ஓடும்போது அது கேட்பதில்லை, நானும் மறந்துவிடுவேன்.

ஒருநாள் கராச்சுக்குச் சென்றேன். முதிய மெக்கானிக் வண்டியை ஜக்கில் உயர்த்திச் சில்லைச் சுழற்றிப் பார்த்தார்.

"எத்தினை மாதமாய் உந்தச் சத்தம் கேக்குது, தம்பி?"

"நாலைஞ்சு மாதம் இருக்கும், அண்ணை."

இயந்திரத்தின் விசையைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் அச்சுத்தண்டின் இருமுனைகளிலும் மூட்டுகள் உள்ளன. வெளிமூட்டினுள் ஆறு உருக்குக் குண்டுகள் வளைந்த தவாளிப்புகளில் இயங்குகின்றன. சில்லு எப்பக்கம் திரும்பினும் சுழற்சி சீராயிருப்பது இவற்றாலேயே. 1920களில் அல்பிரட் ரெசெப்பா வகுத்த இவ்வமைப்பு, 1959இல் வெளிவந்த மினி காரின் பின் பெருவழக்காயிற்று. இத்தனைக்கும் காவல் ஒரு மடிப்பு றப்பர் உறையே. அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிறீஸ் சுழற்சியில் வெளியே வீசப்படும். மணலும் மழைநீரும் உட்புகும். பின்னர் உருக்கை உருக்கே தின்னத் தொடங்கும்.

"புது உறை போட்டுக் கிறீஸ் அடைச்சால் ஓடாதோ?" என்றேன். இறக்குமதித் தடைகளும், சில வாரங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்த டொலரும் பாவித்த பாகங்களையும் எட்டாக்கனியாக்கியிருந்தன.

"சத்தம் வந்தாப் பிறகு கிறீஸ் என்ன செய்யும்? இடது மூட்டையும் வலது மூட்டையும் மாத்திப் பூட்டினால், தேயாத பக்கம் பாரம் தாங்கும், கொஞ்சநாள் ஓடும். தடைக் காலத்திலை உப்பிடி எத்தினை வேலை செய்தனாங்கள். அப்ப வேறை வழியில்லை. இப்ப ஆரை ஏத்திக்கொண்டு ஓடப்போறியள்?"

நான் பதில் சொல்லவில்லை. மூட்டு உடைந்தால் இயந்திரம் இயங்கினும் வண்டி நகராது. மருந்துக்குப் புறப்பட்ட முதியவர் நடுவழியில் வெயிலில் இருக்க நேரிடும்.

வலதுபக்க உறை அண்மையிற்றான் கிழிந்திருந்தது. அம்மூட்டைக் கழற்றிக் கழுவி, தவாளிப்புகளை நகத்தால் தடவிப் பார்த்தார், குழியேதும் இல்லை. அதற்குப் புதிய உறையும் கிறீஸும் போதுமாயின. இடதுபக்கத்துக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த அச்சுத்தண்டொன்றை முழுமையாகவே வருவித்தோம். அம்மாதச் சம்பளத்திற் பெரும்பங்கு அதற்கே போயிற்று. ஒரே வண்டியில் ஒரு பக்கம் திருத்தம், மறுபக்கம் மாற்றம்.

கழற்றிய மூட்டைத் தந்தையாரிடம் காட்டினேன். எதையும் எறியாத அவர் அதனை நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். தவாளிப்பில் நகம் தடக்கியது.

"இதைத் திருத்தேலாது. முந்தியே பார்த்திருக்கலாம்" என்றார்.

அவருடைய நெறியைப் பின்பற்றுவதாகவே நான் எண்ணியிருந்தேன். ஆனால் அவர் அக்காலத்தில் நாள்தோறும் வண்டியின் அடியிற் குனிந்து பார்த்தவர். நானோ சத்தம் கேட்டும் குனியாதவன். திருத்தலுக்கும் ஒரு பருவம் உண்டு. அதனைத் தவறவிட்டபின் பழையதைப் பற்றிக்கொள்வது சிக்கனமாகாது. நம்மை நம்பி ஏறியவருக்குச் செய்யும் தீங்கேயாகும்.

இன்று மாதமொருமுறை வண்டியடியில் விளக்கைப் பிடித்து, நான்கு உறைகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலைதான்.