பெரியாற்றுத் தண்ணீர் போன வழி

அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாறு தேக்கடியில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மலைக்கு இந்தப் பக்கம் லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. ஜனவரி 15, பெரியாற்றில் அணை கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் பிறந்தநாள். அன்று இங்குள்ள அவரது மணிமண்டபத்தில் விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். கம்பம், கூடலூர் பக்கம் வீடுகளில் சாமி படங்களுக்கு நடுவே அவர் படமும் மாட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. அந்த நன்றியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1887இல் தொடங்கிய அணை வேலை அது. வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போனது, மலைக்காய்ச்சல் கூலியாட்களை வாரிக்கொண்டது. 1895இல்தான் அணை திறந்தது.

ஆனால் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை ராமநாதபுரத்தில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை ஆண்ட சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலையேறி வழி பார்த்துவிட்டு வந்தார். கையில் பணமில்லாமல் அது அப்படியே நின்றுபோனது. 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் கால்டுவெல் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1876-78இன் தாது வருடப் பஞ்சம் வந்து ஊர் ஊராகச் செத்த பிறகே அரசு வேகம் காட்டியது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை எழுதினார்கள். நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கும் ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வாடகை. 1970 வரை அந்த வாடகை மாறவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, 1959இல் காமராஜர் திறந்த வைகை அணையையும் தாண்டினால் பேரணை. தண்ணீர் பிரிவது இங்கேதான். இடப்பக்கம் பெரியாறு பிரதானக் கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வழியாகக் கள்ளந்திரிக்குப் போகிறது. இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே மதுரை விவசாயிக்குக் கணக்குப் புரிந்துவிடும்: கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம், அதற்குக் கீழே மேலூர் வரை சுமார் 85,000 ஏக்கர் ஒருபோகம். பெண் கொடுக்கும்போதும் நிலம் வாங்கும்போதும் கேட்கிற முதல் கேள்விகளில் மடை எது என்பதும் ஒன்று. தண்ணீர் திறக்கும் தேதி தள்ளிப்போனால் ஒருபோகக்காரர் நாற்றங்கால் பாவுவதா வேண்டாமா என்று தவிக்கிறார். அதே நேரத்தில் மேலே முதல் போகம் கதிர் விட்டிருக்கும்.

மேலூர்ச் சீமைக்குக் கால்வாய் வந்தது. மேற்கே உசிலம்பட்டிச் சீமைக்கு வரவில்லை, அங்கே வந்தது ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். வானம் பார்த்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் காட்டாமல் துப்பாக்கியைக் காட்டிய அரசு அது. உசிலம்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற 58 கிராமக் கால்வாயிலும், வைகை அணை ஏறத்தாழ நிரம்பினால்தான் தண்ணீர் விடுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன் போட்ட ஆயக்கட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் இன்னும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார்கள்.

மதுரை நகருக்குள் வைகை பெரும்பாலும் மணலும் சாக்கடையும்தான். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

கிழக்கே போகப் போக ஆறு மெலிகிறது. யோசனையைப் பெற்றெடுத்த ராமநாதபுரத்துக்குப் பெரியாற்று ஆயக்கட்டில் இடமில்லை. அது ஜமீன், 1803இலேயே அது அரசுக்குக் கட்டும் பேஷ்குஷ் தொகை நிரந்தரமாகிவிட்டது. மதுரை ரயத்துவாரி நிலத்திலோ புன்செய் நன்செய் ஆனால் தீர்வை ஏறும். போட்ட முதலுக்கு வட்டி திரும்புகிறதா என்று பார்த்தே பாசன வேலைகளை எடுத்த அரசுக்கு, தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்க அதிக நேரம் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். வைகையின் சொந்த நீரில் ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று விகிதம் இருக்கிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு அந்த நீர் வந்துசேர்வது மழை பெய்த வருடத்தில்தான்.

தண்ணீர் வராத வருடங்களில் முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரத்துக்குச் சோறு போடுவது சீமைக் கருவேலம். அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து விதைத்ததுதான். கண்மாய்க்குள்ளேயே அது காடாக மண்டிக் கிடக்கிறது. வேரோடு வெட்டி, அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறார்கள். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுகிறார்கள். தூர்ந்த கண்மாயைத் தூர்வாரி மடையைச் சரிசெய்தால் இதே கைகள் நாற்று நடும். ஆனால் கருவேலத்தை ஒரேயடியாக அழிக்கச் சொல்பவர்கள், அந்த இடைப்பட்ட வருடங்களில் கரிமூட்டக்காரர் எதைச் சாப்பிடுவார் என்பதற்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்.