சிவப்பு விளக்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு, வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுத என்ன அருகதை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயமுண்டு. எங்களூரில் வீட்டைக் குளிர்மையாக வைத்திருப்பதே பெரும்பாடு. மார்கழி மழையில் காதைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொண்டால் எங்கள் குளிர்காலம் முடிந்துவிடும். ஆயினும் கடந்த தை மாதத்தில், இங்கிலாந்தின் கிராமமொன்றில் நின்று நின்று போன ஒரு பொயிலருடன், ஆரையம்பதியில் இருந்தபடி நான் மல்லுக்கட்ட நேர்ந்தது.

அதிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசி அழைத்தது. பத்திரிகைக்காரனுக்கு அந்நேர அழைப்புகள் பழக்கமானவைதாம்; ஆனால் நல்ல செய்தி எதுவும் அந்நேரத்தில் வந்ததில்லை. தம்பி பேசினான். அங்கே இரவு பத்தரை மணி.

“அண்ணன், பொயிலர் திரும்பத் திரும்ப நிண்டு போகுது. அம்மாட கை ஐஸ் மாதிரிக் கிடக்கு.”

அம்மாவுக்கு வயது 84. 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றது. ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவானது. இங்கே படும் பாடு போதும் என்று தம்பி அம்மாவைத் தன்னிடம் அழைத்துக்கொண்டான். வேடிக்கை என்னவென்றால், மண்ணெண்ணெய் அவரை அங்கேயும் விடவில்லை. எரிவாயுக் குழாய் சென்றடையாத அந்நாட்டுக் கிராமங்களில் பல வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய், நாம் விளக்குக்கு ஊற்றும் அதே மண்ணெண்ணெய்தான். வீட்டுக்கு வெளியே ஒரு பெரிய தாங்கி. அதிலிருந்து குழாய்வழியே பொயிலருக்கு எண்ணெய் செல்கிறது.

பழுது பார்ப்பவர் திங்கட்கிழமைதான் வருவாராம். அன்று சனிக்கிழமை இரவு. தம்பியின் மனைவி இரவு வேலையில். வெளியே உறைபனி.

எனக்குப் பொயிலரைப் பற்றி எதுவும் தெரியாது. முப்பது வருடப் பத்திரிகைத் தொழில் கற்றுத் தந்தது ஒன்றுதான்: தெரியாத விடயத்தில் முதலில் ஆவணத்தைப் படி. கைநூலின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வாசித்துப் பார்த்தபோது விடயம் அவ்வளவு சிக்கலாகத் தெரியவில்லை. ஒரு சிறு பம்பி எண்ணெயை அழுத்தி, ஊசிமுனை போன்ற துவாரத்தினூடாகப் புகாராகச் சீறவைக்கிறது. விசிறி காற்றூட்டுகிறது. மின்பொறி பற்றவைக்கிறது. இவற்றுக்கு அருகே ஒரு ‘கண்’ இருந்து சுவாலையின் ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சில விநாடிகளுக்குள் ஒளி தென்படாவிட்டால் எண்ணெயை நிறுத்திச் சிவப்பு விளக்கை எரியவைத்துவிடும். அதை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

“எத்தினை தரம் அமத்தின நீ?”

“ஏழெட்டுத் தரம் இருக்கும்.”

எனக்குப் பகீரென்றது. எரியாத எண்ணெய் ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே சேர்கிறது. பிறகு ஒருதரம் பற்றினால் அத்தனையும் சேர்ந்து பற்றும். ஓரிரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டாம் என்று கைநூலிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. இனிமேல் அதில் கை வைக்காதே என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

அதைவிடப் பெரிய கண்டம் ஒன்று பின்னால் காத்திருந்தது. அம்மாவின் குரல் கேட்டது: “அந்த இறைச்சி சுடுற அடுப்பில கரியப் போட்டு அறைக்குள்ள வை மனே, சூடு வரும்.” பிள்ளைப்பேற்று வீட்டில் கட்டிலருகே நெருப்புச்சட்டி வைத்து வளர்ந்த தலைமுறை அது. தம்பியும் கரிப் பையைத் தேடிக்கொண்டிருந்தான்!

நம்மூர் வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும். காற்று வந்து போகும். அவர்களின் வீடோ குளிர் புகாதபடி கதவும் சாளரமும் இறுக்கி அடைக்கப்பட்ட பெட்டி. அதற்குள் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரும். மணமில்லை, நிறமில்லை, தூக்கம் வருவதைப் போல வந்து ஆளை முடித்துவிடும். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரில் மின்சாரம் நின்றபோது, கரியடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் வீட்டுக்குள் இயக்கியவர்கள் இறந்துபோன செய்தியை நானே மொழிபெயர்த்துப் பக்கத்தில் இட்டிருந்தேன். “கரிப் பையக் கொண்டுபோய் வெளியில வை. நீ வைக்கிறத நான் பாக்க வேணும்” என்று காணொளியைத் திறக்கச் செய்தேன். அம்மாவுக்குக் கோபம். எனக்குக் குளிர் தெரியாது என்றார், அது உண்மைதான்.

அயல்வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம் ஒரு மின்சூடாக்கி இருந்தது. அம்மாவை ஒரே அறையில் இருத்தி, இரண்டு கம்பளிகளால் போர்த்தி, சுடுநீர்ப் பையையும் கொடுத்த பின்னரே பொயிலருக்குத் திரும்பினோம்.

“பத்துதா, பத்தாமலே நிக்குதா?”

“பத்துது. கொஞ்ச நேரம் எரிஞ்சு, இருமுற மாதிரிச் சத்தம் போட்டுட்டு நிக்குது.”

அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல்.

1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. தொள்ளாயிரம் பேரளவில் மாண்டனர். தென்னைகள் விழுந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, வெளிச்சம் வெகுநாட்கள் வரவேயில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெற்றோமக்ஸ் தப்பியிருந்தது. கூரை பறந்த சுவர்களுக்கிடையே அயலவர் நான்கு குடும்பம் அந்த ஒரு வெளிச்சத்தைச் சுற்றி இருந்தோம். அது எரியும், மென்டில் வெளுக்கும், பின் இருமிச் சிவந்து அணையும். நான் பெரிய ஆளாகப் பம்பை அடித்துக்கொண்டேயிருந்தேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். நிப்பிளை ஊசியால் குத்திப் பார்த்தார், பம்பியின் தோல் வாசரைப் பார்த்தார், ஒன்றும் குறையில்லை. பிறகு எண்ணெயை ஒரு வெற்றுப் போத்தலில் ஊற்றிச் சற்றுநேரம் அசையாமல் வைத்து, மெழுகுவர்த்திக்கு நேரே பிடித்துக் காட்டினார். மேலே எண்ணெய், அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், நடுவில் தெளிவான ஒரு கோடு. மழை வெள்ளம் தகரத்துக்குள் புகுந்திருந்தது.

“தம்பி, தாங்கிக்குக் கிட்டப் போ. வடிகட்டி இருக்கும், பார்.”

டோர்ச் வெளிச்சத்தில் தாங்கியின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தெரிந்தது. அதன் மேற்பாதி எண்ணெய். கீழ்ப்பாதியில் வெண்மையாக எதுவோ ஒட்டிக்கிடந்தது. தண்ணீர்தான், உறைபனியில் கட்டியாகி, எண்ணெய்க்கு ஒரு நூலிழை வழியை மட்டும் விட்டிருந்தது. ஆகவேதான் பற்றி, பட்டினி கிடந்து, அணைந்திருக்கிறது.

நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதே, இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துச் சுற்று என்றேன். அரை மணிநேரம் சுற்றினான். எதையும் கழற்ற நான் விடவில்லை; கழற்றினால் குழாய்க்குள் காற்றுப் புகும், பிறகு அதை வெளியேற்ற அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்கிடையில் உள்ளே சேர்ந்த எண்ணெய் என்னவாயிற்று என்ற கவலை எனக்குத் தீரவில்லை. அது எரியும் அறையைத் திறந்து பார்ப்பது எங்கள் வேலையல்ல. கடைசியாக எரிந்ததில் தீர்ந்திருக்கும் என்று நம்பி, ஒரேயொரு தடவை, எட்ட நின்று அழுத்தச் சொன்னேன். அதைச் சொன்னது சரிதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

பற்றியது. நின்றது. காத்திருந்தோம். நிற்கவில்லை, எரிந்துகொண்டே இருந்தது.

இங்கே விடிந்துவிட்டிருந்தது. வாவியில் தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அங்கே விடியப்போகும் நேரத்தில் பொயிலர் மறுபடியும் நின்றுபோனதாகப் பிறகு அறிந்தேன். ஞாயிறு முழுவதும் அயலவரின் மின்சூடாக்கிதான் காப்பாற்றியது. திங்கட்கிழமை வந்தவர் தாங்கியின் அடியிலிருந்து ஒரு வாளிக்குக் கிட்டத் தண்ணீர் எடுத்தாராம். தாங்கி மூடி வெடித்திருந்ததால் மாதக்கணக்காக மழை உள்ளே இறங்கியிருக்கிறது. மூடியை மாற்றி, பீச்சுகுழலையும் மாற்றி, ‘கண்’ணில் படிந்திருந்த கரியைத் துடைத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை யார் இத்தனை தரம் அழுத்தியது என்று கேட்டிருக்கிறார். தம்பி அம்மாவைப் பார்த்தானாம்.

அன்று மாலை அம்மாவே அழைத்தார். கரி விடயத்தில் கோபம் ஆறவில்லை. ஐந்து நிமிடம் அதைப் பற்றியே பேசிவிட்டு, வைக்கும் முன் கேட்டார்:

“அப்பாட பெற்றோமக்ஸ் பரணுக்குள்ள கிடக்கா மனே?”

ஏறிப் பார்த்தேன். கிடக்கிறது. தோல் வாசர் மட்டும் காய்ந்து வெடித்துப் போயிருக்கிறது.