ஜுருவில் ஒரு மெய்ப்புத் திருத்த மேசை

பினாங்குப் பாலத்தைக் கடந்து செபராங் பிறையில் தெற்கே சிறிது தூரம் போனால் ஜுரு. தோட்டமாக இருந்த ஊர். இன்று தொழிற்பேட்டை, டோல் சாவடி, ஆட்டோ சிட்டி. தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியில் நிலைத்திருக்கிறது. அங்கே கடைவீட்டு மாடியில் இயங்கும் ஓர் அச்சுக்கோப்பு அறைக்குப் போயிருந்தேன். கோயில் குடமுழுக்கு மலரின் கடைசி மெய்ப்பு திரையில் இருந்தது. நிர்வாகக் குழுவினர் ஆளாளுக்குப் பிடிஎஃப் கோப்பில் கமெண்ட் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

நன்கொடைத் தொகைகள் பற்றிய திருத்தங்களை முதலில் முடிக்க வேண்டும். பக்கத்தில் இருந்த இளைஞர் கண்ட்ரோல் எஃப் அழுத்தி 'தொகை' என்று தட்டினார். ஒன்றும் சிக்கவில்லை. "அப்படித் தேடினா வராது தம்பி, கமெண்ட்டுக்குள்ள தேடணும்" என்றார் பக்கம் அமைக்கும் அக்கா.

ஷிப்ட், கண்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்த, அடோபி ரீடரில் விரிவான தேடல் திறந்தது. அதில் கமெண்ட்டுகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தார். 'தொகை' வரும் குறிப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தொட்டால் அந்தப் பக்கமே திறக்கிறது. பிறகு வலப்புறக் கமெண்ட் பட்டியலைத் திறந்து, எழுதியவர் பெயர் வாரியாகப் பிரித்தார். செயலாளர் சொன்னவை தனியே, தமிழாசிரியர் சொன்னவை தனியே. இலவச மென்பொருளான ஓக்குலரிலும் இப்படிப் பிரிக்கலாம்.

முதல் தேடலில் ஏன் சிக்கவில்லை? 1993இல் அடோபி வெளியிட்டு, 2008இல் ஐஎஸ்ஓ தரமான பிடிஎஃப் அமைப்பில், பக்கத்தின் எழுத்து ஓரிடத்திலும் அதன் மேல் இடும் குறிப்பு வேறிடத்திலும் சேமிக்கப்படுகின்றன. குறிப்போடு எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். சாதாரணத் தேடல் பெரும்பாலும் பக்க எழுத்தை மட்டுமே பார்க்கிறது.

ஆனால் 'தொகை' என்ற சொல் பக்கத்திலேயும் அச்சாகியிருந்ததே? அங்கேதான் தமிழுக்கு உரிய சிக்கல். பழைய எழுத்துருக்களில் கோத்த பக்கத்தில், கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது வேறு குறியீடு. கொம்பு முன்னும் எழுத்து பின்னுமாகப் பதிவாகியிருக்கும். யூனிகோடில் தட்டிய சொல் அதோடு பொருந்தாது. கமெண்ட்டைத் தட்டும்போது அது யூனிகோடாகவே சேமிக்கப்படுகிறது. அதனால் பக்கத்தில் அகப்படாத தமிழ்ச்சொல் குறிப்பில் அகப்படுகிறது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய மலேசியாவில், நம் திருத்தங்களைத் தமிழிலேயே தட்டத் தயங்க வேண்டியதில்லை.

எல்லாக் குறிப்பும் சிக்கிவிடவில்லை. டேப்லெட்டில் பேனாவால் கிறுக்கியவை வெறும் கோடுகள், தேடலுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த பக்கப் படங்களும் அப்படியே. ஒருவர் கோப்பை மறுபடி பிடிஎஃபாக அச்சிட்டு அனுப்பியதில், குறிப்புகள் படம்போல் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, பட்டியலே காலியாக இருந்தது. வெறும் மஞ்சள் கோடு இட்டவற்றிலும் தேடச் சொல் இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு: அடோபியின் அமைப்புகளில் கமெண்ட் பகுதியில், கோடிட்ட சொற்களைக் குறிப்புக்குள் நகலெடுக்கும் தேர்வை முன்கூட்டியே இயக்கி வைத்தால், பின்னர் இடும் கோடுகளும் தேடலில் வரும்.

அந்த மேசையில் வேலை ஓடியதற்குக் காரணம் குழு முன்பே செய்த ஓர் உடன்பாடு. பெயர்த் திருத்தம் எனில் 'பெயர்', காசு எனில் 'தொகை', படம் எனில் 'படம்' என்று குறிப்பின் முதல் சொல்லாக எழுதவேண்டும். தேடுகிறவருக்கு அதுவே போதும்.

ஊர் மலருக்கோ பள்ளி இதழுக்கோ மெய்ப்புப் பார்ப்பவர்களே, திருத்தத்தைக் கிறுக்காமல் தட்டுங்கள், உங்கள் பெயரை மென்பொருளில் பதியுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் கமெண்ட்டுக்குள் ஒருமுறை தேடிவிடுங்கள். நன்கொடை கொடுத்தவரின் பெயர் பிழையின்றி வருவது நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.