தங்கத்துக்கு வந்த வெள்ளைப் பொட்டு

மீன் வளர்ப்பது ரொம்பச் சுலபம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவு செய்து அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நாய் என்றால் குரைக்கும்; பூனை என்றால் பால் பாத்திரத்தை உருட்டும்; மீனோ சாதுவாகத் தண்ணீருக்குள் கிடக்கும், தொல்லையே இல்லை என்று நானும்தான் நம்பினேன். அதற்கு ஒரு நோய் வந்தால் வீடு முழுவதும் என்ன பாடுபடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. 60 லிட்டர் தண்ணீர், மூன்று தங்க மீன்கள். தங்கம், பூந்தி, குண்டு என்று பெயர் வைத்தவள் என் எட்டு வயது மகள். போன மார்கழியில் பத்திரிகை வேலையாகக் கொளத்தூர்ப் பக்கம் போயிருந்தேன். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன பேட்டை அல்லவா? கடைக்குக் கடை தொட்டிகள். எதிரே நின்றால் கால் நகராது. ஒரு தொட்டியில், கரிக்கட்டை போன்ற நிறமும் பிதுங்கிய கண்களுமாக ஒரு மீன் என்னையே பார்த்தது. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த சூட்டோடு பையை அவிழ்த்துத் தொட்டியில் விட்டேன். "கறுப்பன்!" என்று மகள் கை கொட்டினாள்.

என் மாமியார் மட்டும், "ஏம்மா, புதுசா வந்ததை நாலு நாள் தனியா வச்சுப் பார்க்க வேண்டாமா? ஊர்ல கோழி வாங்கினாக்கூடப் பஞ்சாரத்துல தனியாத்தானே கவுத்துப் போடுவோம்" என்றார்.

"கோழிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம், அத்தை?" என்றேன். பட்டதாரியின் பதில்!

ஐந்தாம் நாள் காலையில் குண்டுவின் வாலில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் பொட்டுகள். மாலைக்குள் தங்கத்துக்கும் வந்துவிட்டது. துடுப்புகளை மடக்கிக்கொண்டு, அடியில் கிடந்த கூழாங்கற்களில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓடின.

"என்னம்மா அதுக்கு?" என்று குழந்தை கேட்டாள்.

"மார்கழிக் குளிர் இல்லையா? ஜலதோஷம்" என்றேன். அந்தப் பதில் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் கணவர் ஏதோ நீல மருந்து வாங்கி வந்தார். தொட்டி நீலமாயிற்று; வலை நீலமாயிற்று; அவருடைய வெள்ளை வேட்டியும் நீலமாயிற்று. நான்காம் நாள் பார்த்தால், ஆச்சரியம்! ஒரு பொட்டுக்கூட இல்லை. நீலத் தண்ணீரை இறைத்துக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு, குழந்தைக்குக் கேசரி கிளறிக் கொடுத்துக் கொண்டாடினேன். மூன்றே நாளில் நாலு மீன்களின் மேலும் உப்பைக் கொட்டினாற்போல் பொட்டுகள் திரும்பின. மறுநாள் காலை குண்டு மல்லாந்து மிதந்தது. அதற்கடுத்த நாள் கறுப்பன்.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது விலங்கியல் பேராசிரியை. பூந்தியை ஒரு பாத்திரத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். அவள் மீனின் மேல் இருந்த வழுவழுப்பைத் துளி வழித்தெடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். பார்த்தேன். உருண்டையாக ஒன்று மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் குதிரை லாடம் போல ஒரு வளைவு.

"இந்த லாடம்தான் அடையாளம். வேறு சந்தேகமே வேண்டாம்" என்றாள். வெள்ளைப் புள்ளி நோய்! 1876-இல் ஃபூக்கே என்பவர் அந்த ஜந்துவுக்கு வைத்த பெயர் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ். பிரித்துச் சொன்னால், ஏராளமான பிள்ளைகளைப் பெற்ற மீன் பேன். உண்மையில் பேன் அல்ல. ஒற்றை உயிரணுப் பிராணி.

அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்கிறது. நாம் காணும் பொட்டு அதுதான். அங்கே இருக்கும் வரையில் தண்ணீரில் கலக்கும் எந்த மருந்தும் அதை எட்டாது. தின்று கொழுத்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரையில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாக வேண்டியதுதான். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளை மட்டும்தான்.

ஆக, நான் கேசரி கிளறிய தினத்தில் நோய் போய்விடவில்லை. பொட்டுகள் பிரசவத்துக்குப் போயிருந்தன!

நம் ஊர் உஷ்ணத்தில் இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுமாம். குளிர்ந்த தண்ணீரில் வாரக் கணக்கில் இழுக்கும். மிஞ்சிய இரண்டு மீன்களுக்கும் தோழி சொன்ன வைத்தியம் கல் உப்பு. லிட்டருக்கு 3 கிராம். எங்கள் தொட்டிக்கு 180 கிராம். அதையும் ஒரே தடவையில் கொட்டக்கூடாது. 60 கிராம் வீதம் மூன்று தவணையாக, தனியே கரைத்து, ஒன்றரை நாளில் விட வேண்டும். தினமும் குழாய் வைத்து அடிமண்ணை உறிஞ்சி எடுக்க வேண்டும். குஞ்சு பொரியும் இடம் அதுதானே! எடுத்த தண்ணீருக்கு ஈடாக விடும் தண்ணீரிலும் அதே கணக்கில் உப்பு. காற்றுக் குழாய் இரவு பகல் ஓட வேண்டும். கடைசிப் பொட்டு மறைந்த பிறகும் பத்து நாள் நிறுத்தக்கூடாது. (தங்க மீன் உப்பைத் தாங்கும்; செதிலில்லாத கெளுத்தி ஜாதிகள் அவ்வளவு தாங்கா. உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள்.)

அன்றிரவு படுக்கையில் மகள் கேட்டாள்: "அம்மா, அந்த லாடப் பூச்சி யார்கூட வந்துச்சு?"

மறுபடியும் ஜலதோஷம் என்று சொல்லியிருக்கலாம். "கறுப்பனோட வந்தது. அவனைக் கொண்டுவந்து நேரா விட்டது நான்தான்" என்றேன்.

"பாட்டி அன்னைக்கே சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் நான் உப்பை நிறுக்கும்போது, தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே நிறுத்தாள்.

தங்கமும் பூந்தியும் பிழைத்தன. அதற்குப் பிறகு மீன் கடைக்குப் போனால் நான் மீனைப் பார்ப்பதில்லை, பூச்சியைத்தான் பார்க்கிறேன். உடம்பில் நூல் துண்டு போல ஒட்டி நின்றால் நங்கூரப் புழு. வெடுக்கென்று இழுத்தால் தலை உள்ளேயே தங்கிவிடும். சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், அதுதான் ஆர்குலஸ் என்னும் நிஜமான மீன் பேன். அதை இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆனால், கண்ணாடியில் இட்டு வைத்த முட்டைகளைச் சுரண்டாமல் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்.

இவ்வளவு படித்த நான் சித்திரையில் ஏமாந்தேன். தங்கத்தின் கன்னத்தில் மீண்டும் வெள்ளைப் பொட்டுகள்! கை நடுங்க உப்புப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிறவர் பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்தார்.

"அவசரப்படாதேம்மா. அது கன்னத்துல மட்டும்தான் இருக்கு. பக்கத்துத் துடுப்பு ஓரத்துல வரிசையா நாலு. வால்ல ஒண்ணுகூட இல்லை. கல்லுல தேய்க்கவும் இல்லை. பூந்தி பின்னாலேயே சுத்திச் சுத்தி வருது, பார்த்தியா?"

படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். போனில் அவள் சிரித்த சிரிப்பு கூடம் வரை கேட்டது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் தங்க மீனுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் இப்படிப் பருக்கள் வருவது வழக்கமாம். நோயல்ல, வாலிபம்! தங்கத்தைப் பெண் என்று நினைத்திருந்த மகள், அன்றே அவனுக்குத் தங்கவேலு என்று பெயரை மாற்றிவிட்டாள்.

இப்போது பால்கனியில் 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. புதிதாக வரும் மீனுக்கு அங்கே நாலு வாரம் தங்கல், வலைகூடத் தனி. அத்தை அதற்கு வைத்த பெயர் பஞ்சாரம். சென்ற மாதம் வந்த இரண்டு குட்டி மீன்கள் அதில் இருக்கின்றன. காலண்டரில் தினம் ஒரு நாளை அடித்துக்கொண்டு வருகிறாள் மகள். இன்று பத்தொன்பதாம் நாள்.