விழாமல் நிற்கக் கற்றுத்தரும் தாய்ச்சி... குறிஞ்சிப்பாடிக்கு வருமா?

கடலூர் முதுநகரில் ரயில் ஏறி விருத்தாசலம் பக்கம் போனால் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று வரிசையாக வரும். மூன்றும் மூன்று உலகம். குறிஞ்சிப்பாடி, கைத்தறிக் கைலிக்குப் பெயர்போன நெசவாளர் ஊர். வடலூரில், வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நெய்வேலியில் பூமிக்கு அடியிலிருந்து பழுப்பு நிலக்கரி வந்துகொண்டே இருக்கிறது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று ஓடி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்து வயல்களுக்கும் பாய்கிறது.

ஆனால், இந்த மூன்று ஊர்களிலும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே பேச்சுதான். "பெரியம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம். இடுப்புல பிளேட் வெச்சிருக்காங்க."

டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்தவர்கள்

நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-ல். அடுத்த வருடமே சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்களுக்காக ஒரு நகரமே எழுந்தது. அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், வட்டத்துக்கு வட்டம் பள்ளிக்கூடம், கடைத்தெரு, விளையாட்டுத் திடல். காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடலூர், குறிஞ்சிப்பாடி, இந்திரா நகர் என்று பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டியவர்கள் ஏராளம். ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. தரையெல்லாம் வழவழப்பான டைல்ஸ், செங்குத்தான மாடிப்படி, வாசலில் மழைத்தண்ணீர் புகாமலிருக்க உயரமான படிக்கட்டு. வெளியே இறங்கினால் குறுகலான தெரு, நாய், உரசிக்கொண்டு போகும் டூவீலர். நாற்பது வருடம் மரநிழலில் நடந்த கால், வயதான பிறகுதான் கரடுமுரடான பாதையைப் பார்க்கிறது. அதனால் பலர் நடப்பதையே குறைத்துவிடுகிறார்கள். நடை குறைந்தால் கால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் தடுமாற்றம் இன்னும் கூடுகிறது.

தறியில் உட்கார்ந்தே காலம் கழித்தவர்களின் முழங்கால் வலியும் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகிறது.

ஏன் தடுமாறுகிறோம்?

நாம் விழாமல் நிற்க மூன்று தகவல்கள் மூளைக்குப் போக வேண்டும். கண் பார்க்கிறது, உள்காது தலையின் சாய்வைச் சொல்கிறது, பாதமும் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கின்றன. வயது ஏற ஏற மூன்றுமே மங்குகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தின் உணர்ச்சியும் குறைகிறது. இரவு இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் பாத்ரூமுக்குப் போகும்போது கண்ணின் உதவியும் இல்லை. அப்போதுதான் பல விபத்துகள் நடக்கின்றன.

கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு அடிபடும் விழுதல்கள் ஆண்டுக்கு 3.73 கோடி.

சிங்கப்பூர் பூங்காக் காட்சி

மகனோ மகளோ சிங்கப்பூரில் இருந்து, மூன்று மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோர் நம் பக்கத்தில் அநேகம். அவர்களைக் கேட்டால் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். விடிந்ததும் பூமலைப் பூங்காவிலும், வீவக அடுக்குமாடிகளின் திறந்த கீழ்த்தளத்திலும், சமூக மன்றத்திலும் வயதானவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். தண்ணீருக்குள் நடப்பதுபோல அத்தனை மெதுவாகக் கையும் காலும் அசைகின்றன. சத்தமில்லை, மூச்சிரைப்பு இல்லை. அதுதான் தாய்ச்சி.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சென் குடும்பத்தார் வாழ்ந்த கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டில் உருவான தற்காப்புக் கலை இது. நெய்வேலி நிறுவனம் தொடங்கிய அதே 1956-ல்தான், சீன அரசின் விளையாட்டுத் துறை சாதாரண மக்களுக்காக இதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது பெரும்பாலும் அந்த வடிவம். 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் தாய்ச்சி இடம்பெற்றது.

'காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்', 'வெண்கொக்கு சிறகு விரித்தல்', 'மேகம்போல் கைகளை அசைத்தல்' என்று அசைவுகளின் பெயர்களே அழகு. பெயருக்குள்ளே இருக்கும் வேலை ஒன்றுதான். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக, தெரிந்தே மாற்றுவது. கூடவே இடுப்பு திரும்புகிறது, கை போகும் திசையில் கண் போகிறது. கண், காது, பாதம் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி கிடைக்கிறது.

வாக்கிங் மட்டும் போதாதா?

இதய நலனுக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நடை அருமையான மருந்து. ஆனால் சமநிலைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் 70 வயது தாண்டிய 200 பேரை வைத்து நடந்த ஆய்வு 1996-ல் வெளியானது. தாய்ச்சி கற்றவர்கள் திரும்பத் திரும்ப விழும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2018-ல் ஓரிகன் மாநில ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. 70 வயதுக்கு மேற்பட்ட, விழும் அபாயம் அதிகமுள்ள 670 பேர். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, 24 வாரம். உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவிகிதம் குறைவு. பலவகைப் பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவிகிதம் குறைவு.

நமக்கு அந்நியமா?

ஒற்றைக் காலில் நிற்பதை நமக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துச் சிதம்பரத்தில் நடராஜர் ஒரு காலைத் தூக்கியே நிற்கிறார். நெய்வேலி டவுன்ஷிப்பிலும் அவருக்குப் பெரிய கோயில் உண்டு. சிலம்பத்தில் கம்பைத் தொடும் முன்னால் காலடி வரிசை. கும்மியில் குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, அடி மாற்றி வைப்பது. இவையெல்லாம் பாரம் மாற்றும் பயிற்சிதான். அறுபது வயதானதும் "இனிமே எதுக்கு?" என்று நாம் நிறுத்திவிட்டோம், சீனர்கள் அந்த வயதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

வகுப்புக்கு வேண்டியது ஒரு சமமான இடம், பிடித்துக்கொள்ளச் சில நாற்காலிகள், முறையாகக் கற்ற ஒருவர். முதல் இரண்டும் நம்மிடம் தாராளம். பள்ளி மைதானம், காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபம், கோயில் மண்டபம், டவுன்ஷிப் பூங்கா என்று எது வேண்டுமானாலும் போதும். மூன்றாவதுதான் குறை. அதுவரை பிசியோதெரபிஸ்ட்டுகளின் உதவியோடு சமநிலைப் பயிற்சி வகுப்பாகவே தொடங்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. வருபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் இன்னொரு லாபமும் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் இருந்த அக்கம்பக்கம், சொந்த வீட்டுக்கு வந்த பிறகு பலருக்கு இல்லை. பிள்ளைகள் வெளியூரில். வாரத்தில் இரண்டு நாள், "என்ன அண்ணி, நேத்து காணோம்?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை.

வீட்டிலேயே தொடங்க...

- சமையல் மேடையையோ கனமான நாற்காலியையோ பிடித்துக்கொண்டு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். பாரத்தை வலது காலுக்கு, பிறகு இடது காலுக்கு மெதுவாக மாற்றுங்கள். பக்கத்துக்குப் பத்து முறை.
- சுவர் ஓரமாக, ஒரு குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டினாற்போல் வைத்துப் பத்து அடி நடங்கள்.
- கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் ஊன்றியே தொடங்கலாம்.
- இவை பழகிய பிறகு, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பாருங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரிடம் இதைச் சோதித்து 2022-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. அவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு விகிதமும் அதிகமாக இருந்தது. பயப்பட வேண்டாம், பயிற்சியைத் தொடங்க இது ஓர் அறிகுறி.
- தலைச்சுற்றல், சமீபத்தில் எலும்பு முறிவு உள்ளவர்களும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.
- பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சின்ன இரவு விளக்கு. இந்த இரண்டையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

குறிஞ்சிப்பாடியிலோ வடலூரிலோ நாலு பெரியவர்கள் சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் தொடங்கினால், அடுத்த மாதம் நாற்பது பேர் வருவார்கள். அப்புறம் தெருவில் பேச்சும் மாறும்: "பெரியம்மா எங்கே?" "கிளாஸுக்குப் போயிருக்காங்க."